அமெரிக்கப் பெண் வாக்காளர் சங்கம்: வாக்குரிமைப் போராட்டத்திற் பிறந்த குடியியற் கல்வி

ஓர் உரிமையைப் பெறுதற்கு வேண்டும் ஆற்றல் வேறு. பெற்ற உரிமையைப் பயன்படுத்துதற்கு வேண்டும் ஆற்றல் வேறு. முன்னையதற்குத் துணிவும் தியாகமும் வேண்டப்படும். பின்னையதற்கு அறிவும் பொறுமையும் இடையறாத பயிற்சியும் வேண்டப்படும். உலக வரலாற்றிலே உரிமை வேண்டி எழுந்த இயக்கங்கள் பலவாகும். அவற்றுட் பெரும்பாலான தம் குறிக்கோள் நிறைவேறியதும் விழாக் கொண்டாடிக் கலைந்துவிட்டன. வென்றெடுத்த உரிமையைப் பொதுமக்கள் எவ்வாறு கையாளப் போகின்றனர் என்னும் வினாவை எழுப்பி, அதற்கு விடை காணும் பொருட்டே புதியதோர் அமைப்பாக மறுபிறவி எடுத்த இயக்கங்கள் மிகச் சிலவே. ஐக்கிய அமெரிக்க நாட்டின் பெண் வாக்காளர் சங்கம் அச்சிலவற்றுள் ஒன்று.

1920 ஆம் ஆண்டு தோன்றிய இச்சங்கம் நூறாண்டு கடந்து இன்றும் இயங்குகின்றது. அஃது அரசியற் கட்சியன்று; எந்த வேட்பாளரையும் அது ஆதரிப்பதுமில்லை, எதிர்ப்பதுமில்லை. ஆயினும் அரசியலே அதன் தொழில். கட்சியைச் சாராது அரசியலைக் கற்பித்தல் இயலுமா? இயலுமாயின் அதற்குக் கொடுக்கவேண்டிய விலை யாது? இவ்விரு வினாக்களுக்கும் இச்சங்கத்தின் வரலாறு விடை கூறுகின்றது.

எழுபத்திரண்டு ஆண்டுப் போராட்டம்

அமெரிக்கப் பெண்களின் வாக்குரிமை இயக்கத்துக்குத் தோற்றுவாயாக அமைந்தது, 1848 ஆம் ஆண்டு யூலை மாதம் 19 ஆம், 20 ஆம் நாட்களில் நியூயோர்க் மாநிலத்தின் செனெக்கா போல்ஸ் என்னும் சிற்றூரில் நடைபெற்ற மாநாடாகும். எலிசபெத் கேடி ஸ்ரான்ரன், லுக்றீசியா மொற் ஆகிய இருவரும் அதனைக் கூட்டியோருள் முதன்மையானவர். ஏறத்தாழ 300 பேர் அதிற் கலந்துகொண்டனர். அமெரிக்க சுதந்திரப் பிரகடனத்தின் நடையைப் பின்பற்றிப் பெண்களின் குறைகளை எடுத்துரைக்கும் பிரகடனம் ஒன்று அங்கே வாசிக்கப்பட்டது. அதில் 68 பெண்களும் 32 ஆண்களும் கையொப்பமிட்டனர். முன்மொழியப்பட்ட தீர்மானங்களுள் வாக்குரிமை பற்றிய தீர்மானமே பெரும் ஐயத்துக்கு ஆளாயிற்று. இத்துணைப் பெரிய கோரிக்கை ஏனைய கோரிக்கைகளையும் நகைப்புக்கு இடமாக்கிவிடும் எனப் பலர் அஞ்சினர். அடிமைத் தளையினின்றும் தப்பி வந்து பெரும் பேச்சாளராக விளங்கிய பிரெடரிக் டக்ளஸ் எழுந்து ஆதரித்துப் பேசிய பின்னரே அது நிறைவேறிற்று. பெண்ணுரிமையும் கறுப்பின மக்களின் உரிமையும் ஒரே மேடையிற் கைகோத்து நின்ற அந்நிகழ்ச்சி நினைவிற் கொள்ளத்தக்கது. பின்னர் நேர்ந்தவற்றை அளந்தறிதற்கு அதுவே அளவுகோலாகும்.

உள்நாட்டுப் போருக்குப் பின்னர், இனத்தின் காரணமாக ஆடவர்க்கு வாக்குரிமையை மறுத்தலாகாது என விதித்த 15 ஆம் அரசியலமைப்புத் திருத்தம் 1870 ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்தது. பெண்களைப் புறக்கணித்த அத்திருத்தத்தை ஆதரிப்பதா, எதிர்ப்பதா என்னும் பிணக்கினால் 1869 ஆம் ஆண்டிலேயே இயக்கம் இரண்டாகப் பிளந்தது. ஸ்ரான்ரன் அம்மையாரும் சூசன் பி. அந்தனி அம்மையாரும் ஒரு பிரிவுக்குத் தலைமை தாங்கினர். லூசி ஸ்ரோன் அம்மையாரும் அவருடைய கணவரும் மறுபிரிவை நடத்தினர். இரு பிரிவுகளும் மீண்டும் இணைந்து அமெரிக்கத் தேசியப் பெண் வாக்குரிமை மன்றமாக உருப்பெற்றது 1890 ஆம் ஆண்டிலேயாம்.

இதற்கிடையில், 1872 ஆம் ஆண்டுச் சனாதிபதித் தேர்தலில் அந்தனி அம்மையார் ரொச்செஸ்ரர் நகரிலே துணிந்து வாக்களித்தார். அதற்காகக் கைது செய்யப்பட்டு, மறு ஆண்டு 100 டொலர் தண்டம் விதிக்கப்பெற்றார். அத்தண்டத்தை அவர் இறுதிவரை செலுத்தவேயில்லை. பெண்களுக்கு வாக்குரிமை வழங்கும் திருத்தம் 1878 ஆம் ஆண்டு முதன்முறையாகக் காங்கிரஸ் மகாசபையில் முன்வைக்கப்பட்டது. ஏறக்குறைய அதே சொற்களில் அது நிறைவேறுதற்கு 41 ஆண்டுகள் சென்றன. வயோமிங் பிரதேசம் 1869 ஆம் ஆண்டிலேயே பெண்களுக்கு வாக்களித்து வழிகாட்டியது. எனினும் 1896 ஆம் ஆண்டு முடிவில் வயோமிங், கொலராடோ, யூற்றா, ஐடகோ என்னும் நான்கு மாநிலங்களில் மாத்திரமே பெண்கள் முழு வாக்குரிமை பெற்றிருந்தனர். அதன் பின் பதினான்கு ஆண்டுகள் ஒரு மாநிலந்தானும் புதிதாகச் சேரவில்லை. இயக்கத்தவர் பின்னாளில் தாம் நடத்திய முயற்சிகளை எண்ணிக் கணக்கிட்டபோது, ஆடவர் வாக்கெடுப்புக்காக 56 முறையும், மாநிலச் சட்டசபைகளின் இசைவைப் பெறுதற்காக 480 முறையும், அடுத்தடுத்து வந்த 19 காங்கிரஸ் மகாசபைகளோடும் போராடியதாகக் கண்டனர். இவ்வெண்கள் வெறும் எண்கள் அல்ல. இத்தனை முறையும் மனுவெழுதி, நிதி திரட்டி, வீடு வீடாகச் சென்று, தோல்வியுற்று, மீண்டும் தொடங்கிய பெண்கள், அரசாங்கம் எவ்வாறு இயங்குகின்றது என்பதை அரசியல்வாதிகளினும் நுணுக்கமாகக் கற்றுக்கொண்டனர். வாக்கில்லாதவரே வாக்கின் இயல்பை நன்கறிந்தோராயினர்.

கற் அம்மையாரும் சங்கத்தின் தோற்றமும்

அவ்வறிவைச் சிதறவிடலாகாது என எண்ணியவர் கெரி சப்மன் கற் அம்மையார். 1859 ஆம் ஆண்டு விஸ்கொன்சினிற் பிறந்து அயோவாவில் வளர்ந்த அவர், அயோவா வேளாண்மைக் கல்லூரியில் 1880 ஆம் ஆண்டு பட்டம் பெற்று, ஆசிரியராகவும் பின்னர் மேசன் நகரப் பாடசாலைகளின் மேற்பார்வையாளராகவும் கடமையாற்றினார். ஒரு பாடத்தைப் படிமுறையாகப் பகுத்துக் கற்பிக்கும் ஆசிரியரின் இயல்பு அவருடைய அரசியற் பணியிலும் இறுதிவரை புலப்பட்டது. 1904 ஆம் ஆண்டு அகிலதேச பெண் வாக்குரிமைக் கூட்டணியை நிறுவுவதில் முன்னின்று, 1923 வரை அதன் தலைவியாகவும் விளங்கினார். 1911, 1912 ஆம் ஆண்டுகளில் ஒல்லாந்து நாட்டு வைத்தியரான அலெற்றா யாகொப்ஸ் அம்மையாரோடு அவர் மேற்கொண்ட உலகப் பயணத்தில் நமது இலங்கையும் இடம்பெற்றது.

1915 ஆம் ஆண்டு வாக்குரிமை மன்றத்தின் தலைமையை இரண்டாம் முறையாக ஏற்ற அம்மையார், மாநிலந்தோறும் நடைபெறும் முயற்சிகளையும் மகாசபையில் நடைபெறும் முயற்சியையும் ஒரே திட்டத்துள் அடக்கினார். 1917 ஆம் ஆண்டு நியூயோர்க் மாநிலம் பெண்களுக்கு வாக்களித்தது. அதே ஆண்டில் அலிஸ் போல் அம்மையாரின் தலைமையிலமைந்த வேறொரு பிரிவினர் வெள்ளை மாளிகை வாயிலில் மறியல் செய்து சிறை புகுந்தனர். இருவகை நெருக்குதலும் பயனளித்தன. திருத்தம் 1919 மே 21 ஆம் நாள் பிரதிநிதிகள் சபையிலும் யூன் 4 ஆம் நாள் செனற் சபையிலும் நிறைவேறிற்று. அக்காலத்திலிருந்த 48 மாநிலங்களுள் 36 மாநிலங்கள் இசைந்தாலன்றி அது சட்டமாகாது. 36 ஆவது மாநிலமாக 1920 ஓகஸ்ட் 18 ஆம் நாள் ரெனசி இசைந்தது. அம்மாநிலச் சபையின் உறுப்பினருள் மிக இளையவராகிய 24 வயதுடைய ஹரி பேர்ண், தம் தாயார் எழுதிய கடிதத்துக்கிணங்கி எதிரணியினின்றும் மாறி வாக்களித்தமையாலேயே அது நிறைவேறியது. ஓகஸ்ட் 26 ஆம் நாள் 19 ஆம் திருத்தம் அரசியலமைப்பின் பகுதியாயிற்று. செனெக்கா போல்ஸ் பிரகடனத்திற் கையொப்பமிட்ட பெண்களுள் அன்று உயிரோடிருந்தவர் ஒருவரே எனக் கூறப்படுகின்றது. அவரும் நோயுற்றிருந்தமையால் வாக்களிக்கச் செல்ல இயலவில்லை.

இங்கே கவனிக்கத்தக்கது யாதெனின், பெண் வாக்காளர் சங்கம் இவ்வெற்றிக்கு முன்னரே தோன்றிவிட்டமையாம். 1919 மார்ச்சு மாதம் சென். லூயிஸ் நகரில் நடைபெற்ற வாக்குரிமை மன்ற மாநாட்டில் அம்மையார் இக்கருத்தை முன்வைத்தார். எஞ்சிய மாநிலங்களிலும் பிறநாடுகளிலும் பெண்கள் வாக்குரிமை பெறத் துணைபுரிதல், சட்டங்களிற் பெண்களுக்கு எதிராக எஞ்சியிருக்கும் வேற்றுமைகளை நீக்குதல், சனநாயகத்தை நாட்டுக்கும் உலகுக்கும் பாதுகாப்பானதாக ஆக்குதல் என்பன அவர் கூறிய மூன்று நோக்கங்கள். 1920 பெப்ருவரி 14 ஆம் நாள் சிக்காகோ நகரிலே சங்கம் முறையாக நிறுவப்பட்டது. திருத்தம் நிறைவேறுதற்கு இன்னும் ஆறு மாதங்கள் இருந்தன.

சங்கத்தின் முதற் றலைவியாக மோட் வூட் பார்க் அம்மையார் தெரிவு செய்யப்பட்டார். வாக்குரிமை மன்றத்தின் சார்பில் மகாசபை உறுப்பினரைச் சந்தித்து வாதாடும் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் அவர். கையூட்டோ மறைமுகப் பேரமோ இன்றி நேர்வழியிலேயே சென்று காரியம் பார்த்தமையால், அக்குழுவுக்குப் பத்திரிகையாளர் வேடிக்கையாக 'முன்வாயிற் குழு' எனப் பெயரிட்டிருந்தனர். வேடிக்கைப் பெயராயினும் பிற்காலச் சங்கத்தின் ஒழுக்கத்துக்கு அது பொருத்தமான பெயராயிற்று.

கட்சி சாராமை

புதிய சங்கத்துக்கு வரவேற்பு எளிதிற் கிடைக்கவில்லை. வாக்குரிமை மன்றத்தில் இருபது இலட்சம் உறுப்பினர் இருந்தனர் எனக் கூறப்பட்டது. அவர்களுள் மிகச் சிறு பங்கினரே சங்கத்திற் சேர்ந்தனர். உரிமை கிடைத்துவிட்டது, இனி எதற்குச் சங்கம் எனப் பலர் ஒதுங்கினர். கட்சித் தலைவர்களோ, பெண்கள் ஆடவரைப் போலக் கட்சிகளிற் சேர்ந்து பணிபுரிதலே முறை எனவும், தனியே சங்கம் அமைத்தல் ஆபத்தெனவும் கூறினர். 1921 ஆம் ஆண்டு சனவரியில் நியூயோர்க் மாநிலச் சங்கத்தின் மாநாட்டுக்கு விருந்தினராக வந்த ஆளுநர் நேதன் மில்லர், கட்சிகளுக்குப் புறம்பாக நின்று அரசியல் நடத்த முயலும் எந்த அமைப்பும் நாட்டின் சுதந்திர நிறுவனங்களுக்கு அச்சுறுத்தலாகும் என அச்சங்கத்தவரின் முன்னிலையிலேயே கண்டித்துப் பேசினார். கற் அம்மையார் உடனே மறுமொழி அளித்தார். கட்சிகளுக்கு வெளியே நின்றவர்களே நாட்டின் பெரும் சீர்திருத்தங்களைத் தொடக்கி வைத்தனர் என்பதே அம்மறுமொழியின் சாரம்.

உண்மையில் அம்மையார் கட்சிகளை வெறுத்தவரல்லர். பெண்கள் தாம் விரும்பும் கட்சியிற் சேர்ந்து அதன் உள்ளறை வரையிலும் செல்லவேண்டும் என்றே அவர் அறிவுறுத்தினார். உறுப்பினர் தனித்தனியே எக்கட்சியிலும் இருக்கலாம். சங்கம் என்ற முறையில் எக்கட்சியையும் சாரலாகாது. ஒரு சட்டத்தை ஆதரிக்கலாம், எதிர்க்கலாம். ஒரு வேட்பாளரை ஆதரித்தலோ எதிர்த்தலோ கூடாது. இந்நுண்ணிய வேறுபாட்டின் மீதே சங்கம் கட்டியெழுப்பப்பட்டது. பிரச்சினைகளிற் பக்கம் சார்ந்தும் ஆட்களிற் பக்கம் சாராதும் நிற்றல் எளிதன்று. இரு கட்சிகளுள் ஒன்று ஒரு பிரச்சினையைத் தன் கொள்கையாக ஏற்றுக்கொண்டவுடன், அதே பிரச்சினையில் அதே முடிவுடைய சங்கம் அக்கட்சியின் கையாள் எனப் பழிக்கப்படும். இப்பழி சங்கத்தை நூறாண்டும் தொடர்ந்தது.

முதலாவது பத்தாண்டில் சங்கத்தின் கவனம் பெண்கள், குழந்தைகள் ஆகியோரின் நலனில் ஊன்றி நின்றது. தாய்சேய் நலத்துக்கு மத்திய அரசாங்கம் மாநிலங்களுக்குப் பணம் வழங்க வகைசெய்த ஷெப்பேட் - ரௌனர் சட்டம் 1921 ஆம் ஆண்டு நிறைவேறிற்று. அதன் பயனாக ஏறத்தாழ 3000 தாய்சேய் நல நிலையங்கள் அமைந்தன. வைத்தியர் சங்கத்தின் எதிர்ப்பினால் அச்சட்டம் 1929 ஆம் ஆண்டு வழக்கிழந்ததெனினும், 1935 ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தில் அதன் கருத்து மீண்டும் இடம்பெற்றது. அந்நிய நாட்டவரை மணந்த அமெரிக்கப் பெண் தன் குடியுரிமையை இழப்பாள் என்றிருந்த விதியை 1922 ஆம் ஆண்டின் கேபிள் சட்டம் பெரும்பாலும் நீக்கியது. ஆயினும் குடியுரிமை பெறத் தகுதியற்றவர் எனச் சட்டம் ஒதுக்கிய ஆசிய நாட்டவரை மணந்தோருக்கு அந்நன்மை கிட்டவில்லை. அக்குறை தீர 1931 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

பெண்ணுரிமையாளரிடையேயும் இணக்கம் இருக்கவில்லை. ஆண் பெண் சமத்துவத்தை அரசியலமைப்பிலேயே பொறிக்கும் திருத்தத்தை அலிஸ் போல் அம்மையாரின் பிரிவினர் 1923 ஆம் ஆண்டு முன்வைத்தபோது, சங்கம் அதனை எதிர்த்தது. தொழிற்சாலைகளிற் பெண்களின் வேலை நேரத்தை வரையறுத்து அரும்பாடுபட்டுப் பெற்ற சட்டங்கள் யாவும் அத்திருத்தத்தினால் அழிந்துபோகும் என்பது சங்கத்தின் அச்சம். 1954 ஆம் ஆண்டு அவ்வெதிர்ப்பைக் கைவிட்ட சங்கம், 1972 ஆம் ஆண்டு திருத்தத்தை ஆதரிக்கத் தொடங்கிற்று. தொழிற் சட்டங்கள் இருபாலார்க்கும் பொதுவாகிய பின்னர்ப் பழைய காரணம் வலுவிழந்தமையே இம்மாற்றத்தின் அடிப்படை. அத்திருத்தமோ 1982 ஆம் ஆண்டு குறித்த காலவெல்லைக்குள் வேண்டிய 38 மாநிலங்களின் இசைவைப் பெறாது நின்றது.

கற்றலும் கருத்தொருமித்தலும்

சட்டங்களினும் நிலைத்த பயன் சங்கத்தின் கல்விப் பணியிலேயே விளைந்தது. தொடக்க காலத்தில் வாக்காளர்க்குப் பல மாநிலங்களிற் குடியியற் பாடசாலைகள் நடத்தப்பட்டன. வாக்குச் சீட்டில் அடையாளமிடும் முறை முதல், நகரசபை வரி விதிக்கும் முறை, நீதிமன்றங்களின் அமைப்பு, கட்சிகள் வேட்பாளரை நியமிக்கும் வழி ஆகியவை வரை அங்கே கற்பிக்கப்பட்டன. பல்கலைக்கழகங்களும் கல்லூரிகளும் இதற்குத் துணைபுரிந்தன. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பதை உணர்ந்த சங்கத்தினர், நகரசபைக் கூட்டங்களுக்கு நேரிற் சென்று நடவடிக்கைகளைக் கவனித்து வந்து உறுப்பினருக்கு எடுத்துரைத்தலையும் கல்வியின் பகுதியாகக் கொண்டனர்.

வேட்பாளர் எல்லார்க்கும் ஒரே வினாக்களை அனுப்பி, அவர்கள் அளிக்கும் விடைகளை எவ்வித மாற்றமுமின்றி அச்சிட்டு மக்களுக்கு வழங்குதல் சங்கத்தின் மற்றொரு வழக்கம். விடை அளிக்காத வேட்பாளரின் பெயருக்கெதிரே வெற்றிடமே காணப்படும். அவ்வெற்றிடத்துக்குப் பொருள் கூறும் பொறுப்பை வாக்காளரிடமே சங்கம் விட்டுவிட்டது. வானொலி பரவத் தொடங்கியபோது, 1920களின் இறுதியில் நாடளாவிய வானொலி நிகழ்ச்சிகளின் வாயிலாகத் தேர்தற் பிரச்சினைகளை ஆராயவும் முற்பட்டது.

சங்கம் ஒரு முடிவுக்கு வரும் முறையே அதன் தனிச்சிறப்பு. ஊர்தோறும் அமைந்த கிளைகள், அவற்றுக்கு மேல் மாநிலச் சங்கம், அதற்கு மேல் தேசிய சங்கம் என்பது அமைப்பு. ஆராயத்தக்க பொருளைத் தேசிய மாநாடு தெரிவு செய்யும். அப்பொருளைப் பற்றி இருபக்கச் செய்திகளையும் அடக்கிய நூல்கள் கிளைகளுக்கு அனுப்பப்படும். உறுப்பினர் சிறு குழுக்களாகக் கூடி மாதக்கணக்காக, சிலவேளை ஆண்டுக்கணக்காக, கற்று உரையாடுவர். வெறும் பெரும்பான்மை வாக்கினாலன்றிக் கருத்தொருமிப்பினாலேயே முடிவு காணப்படும். அம்முடிவுகள் மேலே சென்று தொகுக்கப்பட்ட பின்னரே சங்கம் ஒரு நிலைப்பாட்டை வெளியிடும். வெளியிட்ட பின்னரே மகாசபை உறுப்பினரின் வாயிலைத் தட்டும். வேகம் விரும்புவோர்க்கு இம்முறை சலிப்பூட்டும். ஆனால், ஒவ்வொரு கிளையிலும் அப்பொருளைத் தாமே கற்றறிந்து பேசவல்ல பெண்கள் இருந்தமையால், சங்கத்தின் சொல்லுக்கு அதன் எண்ணிக்கையினும் மிக்க மதிப்பு உண்டாயிற்று.

இம்முறையால் ஆராயப்பட்ட பொருள்கள் பலதிறத்தன. ரெனசி நதியின் மசல் ஷோல்ஸ் என்னுமிடத்தில் எழும் மின்வலு தனியார்க்கா, பொதுமக்களுக்கா என்னும் வினாவைச் சங்கம் 1920களிலேயே கற்றுப் பொதுவுடைமையை ஆதரித்தது. 1933 ஆம் ஆண்டு ரெனசிப் பள்ளத்தாக்கு அதிகாரசபை நிறுவப்பட்டது. கட்சித் தொண்டர்க்கு அரசாங்க உத்தியோகம் வழங்கும் வழக்கத்தை ஒழித்துத் தகுதிக்கே இடமளித்தல் வேண்டும் என 1930களில் நாடெங்கும் பிரசாரம் செய்தது. 1945 ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகள் சாசனம் இயற்றப்பட்ட சன் பிரான்சிஸ்கோ மாநாட்டில், அமெரிக்கத் தூதுக்குழுவுக்கு ஆலோசனை கூற அழைக்கப்பட்ட 42 அமைப்புகளுள் சங்கமும் ஒன்று. அப்பொழுது சங்கத்தின் தலைவியாக இருந்தவர் அன்னா லோட் ஸ்ட்ரோஸ் அம்மையார். செனெக்கா போல்ஸ் மாநாட்டைக் கூட்டிய லுக்றீசியா மொற் அம்மையாரின் பூட்டி அவர். பூட்டனாரின் காலத்தில் வாக்கில்லாதிருந்த குடும்பத்துப் பெண், நான்காம் தலைமுறையில் உலக அமைப்பின் தோற்றத்திற் பங்குகொண்டார். 1957 ஆம் ஆண்டு சங்கம் தன் கல்விப் பணிக்கெனத் தனியே ஒரு கல்வி நிதியத்தை நிறுவியது. 1970களில் ஆடவரும் முழு உறுப்பினராக ஏற்றுக்கொள்ளப்பட்டனர்.

ஒதுக்கப்பட்டோர்

இச்சங்கத்தின் புகழைக் கூறுவோர் அதன் பெருங் குறையை மறைத்தல் வரலாற்று முறையன்று. 19 ஆம் திருத்தம் சட்டத்தில் எல்லாப் பெண்களுக்கும் உரியது. நடைமுறையிலோ தென் மாநிலங்களின் கறுப்பினப் பெண்களுக்கு அஃது எட்டாக்கனியாயிற்று. தலைவரி, எழுத்தறிவுத் தேர்வு, அச்சுறுத்தல், வன்செயல் ஆகியன ஏற்கெனவே அவர்தம் ஆடவரைத் தடுத்திருந்தவாறே அவர்களையும் தடுத்தன. பழங்குடி மக்களுட் பலர் 1924 ஆம் ஆண்டுவரை குடிகளாகவே கருதப்படவில்லை.

இதற்குச் சங்கத்தின் முன்னோரும் பொறுப்பாளர் ஆவர். தென் மாநிலங்களின் ஆதரவை இழத்தலாகாது என்னும் எண்ணத்தால் வாக்குரிமை மன்றம் கறுப்பினப் பெண்களைத் தள்ளியே வைத்தது. 1913 ஆம் ஆண்டு வாசிங்ரன் நகரில் நடைபெற்ற பெரும் ஊர்வலத்தில், சிக்காகோவிலிருந்து வந்த ஐடா பி. வெல்ஸ் அம்மையாரைத் தம் மாநிலத்தவரோடு நடவாது பின்வரிசைக்குச் செல்லுமாறு பணித்தனர். அவர் அதற்கிணங்காது தம் மாநிலத்தவரின் அணியிலேயே சேர்ந்து நடந்தார். 1919 ஆம் ஆண்டு கறுப்பினப் பெண்களின் கூட்டமைப்பொன்று மன்றத்திற் சேர விண்ணப்பித்தபோது, திருத்தம் நிறைவேறும் வரையில் விண்ணப்பத்தை மீட்டுக்கொள்ளுமாறு வேண்டப்பட்டது. பெண்களுக்கு வாக்களித்தால் வெள்ளையரின் ஆதிக்கம் குறையாது, வலுப்பெறவே செய்யும் எனக் கற் அம்மையாரே எழுத்தில் வாதிட்டிருந்தார். டக்ளஸ் எழுந்து நின்று காத்த தீர்மானத்தின் வழிவந்தோர், அவருடைய இனத்துப் பெண்களுக்காக எழுந்து நிற்கவில்லை.

தென் மாநிலங்களின் கறுப்பினப் பெண்களுக்கு வாக்கு உண்மையிற் கிடைத்தது 1965 ஓகஸ்ட் 6 ஆம் நாள் கையொப்பமிடப்பட்ட வாக்குரிமைச் சட்டத்தினாலேயாம். அதற்கு வழிசெய்த போராட்டத்திற் சங்கம் முன்னணியில் நிற்கவில்லை. தேர்தல் முறையைக் கற்பிப்பதே தொழிலாகக் கொண்ட ஓர் அமைப்பு, இலட்சக்கணக்கானோர் வாக்குச் சாவடியை அணுகவே முடியாதிருந்ததைத் தன் முதற்பெரும் பாடமாகக் கொள்ளாமை வியப்புக்குரியது. கருத்தொருமிப்பு என்னும் முறையின் வலுவின்மையும் இங்கே வெளிப்படுகின்றது. கூடியிருப்போர் ஒருமித்தல் எளிது, கூட்டத்துக்கு அழைக்கப்படாதோர் வெளியே நிற்கும்போது. சங்கம் பிற்காலத்தில் வாக்குரிமைச் சட்டத்தின் உறுதியான காவலராக மாறிற்று. 1982 ஆம் ஆண்டு அச்சட்டம் நீடிக்கப்பட்டபோது அதற்காக உழைத்தது. 2018 ஆம் ஆண்டு, தன் தோற்றத்திலும் நெடுநாள் நடப்பிலும் இருந்த இவ்வொதுக்கலைச் சங்கத்தின் தலைமை வெளிப்படையாக ஒப்புக்கொண்டது.

விவாத மேடை

கட்சி சாராமைக்குப் பெருஞ் சோதனை 1976 ஆம் ஆண்டு தொடங்கிற்று. சனாதிபதி வேட்பாளர் இருவர் தொலைக்காட்சியில் நேருக்கு நேர் விவாதித்தது 1960 ஆம் ஆண்டு கெனடி, நிக்சன் ஆகியோரே. அதன் பின் பதினாறு ஆண்டுகள் அவ்வாறு நிகழவில்லை. ஒலிபரப்பு நிலையங்கள் எல்லா வேட்பாளர்க்கும் சமநேரம் வழங்கவேண்டும் என்னும் விதி ஒரு தடையாக இருந்தது. நிலையங்கள் அல்லாத பிறர் நடத்தும் விவாதத்தைச் செய்தி நிகழ்ச்சியாகக் கருதலாம் என 1975 ஆம் ஆண்டு விளக்கம் அளிக்கப்பட்டதும், சங்கத்தின் கல்வி நிதியம் அப்பணியை ஏற்க முன்வந்தது.

முதல் விவாதம் 1976 செப்டெம்பர் 23 ஆம் நாள் பிலடெல்பியாவில் நடைபெற்றது. இறுதிக் கட்டத்தில் ஒலிக்கருவி பழுதுற, சனாதிபதி போர்ட், வேட்பாளர் காட்டர் ஆகிய இருவரும் 27 நிமிடங்கள் ஒரு சொல்லும் பேசாது தத்தம் மேடையருகே நின்றனர். 1980 ஆம் ஆண்டு மூன்றாம் வேட்பாளராகிய அன்டர்சனை அழைப்பதா என்னும் சிக்கல் எழுந்தது. கருத்துக் கணிப்பில் 15 வீதம் பெற்றோரை அழைப்பதெனச் சங்கம் முன்னரே விதி வகுத்திருந்தது. அவ்விதிக்கமைய அன்டர்சன் அழைக்கப்பட்டதும் சனாதிபதி காட்டர் வர மறுத்தார். சங்கம் விதியைத் தளர்த்தவில்லை. ரேகன், அன்டர்சன் ஆகிய இருவருமே பால்ரிமோர் மேடையில் விவாதித்தனர். பின்னர் அன்டர்சனின் ஆதரவு குறைந்த பின்னரே, ஒக்டோபர் 28 ஆம் நாள் கிளீவ்லன்ட் நகரில் காட்டரும் ரேகனும் சந்தித்தனர். ஆட்சியிலிருக்கும் சனாதிபதி வராவிடினும் விவாதம் நடைபெறும் என்பதைச் சங்கம் நிறுவியது. 1984 ஆம் ஆண்டு வினாத் தொடுக்கும் பத்திரிகையாளரின் பெயர்களை இருதரப்பும் ஒன்றன்பின் ஒன்றாக நிராகரித்தபோது, சங்கம் அதனைப் பகிரங்கமாகக் கண்டித்தது.

இத்தகைய நடுவரைக் கட்சிகள் விரும்பவில்லை. 1987 ஆம் ஆண்டு இருபெருங் கட்சிகளின் தலைவர்களும் கூடிச் சனாதிபதி விவாதங்களுக்கெனத் தனி ஆணைக்குழு ஒன்றை அமைத்தனர். 1988 ஆம் ஆண்டுப் புஷ், டுக்காக்கிஸ் ஆகியோரின் தேர்தற் குழுவினர் தம்முள் ஓர் உடன்படிக்கை எழுதிச் சங்கத்தின் முன் வைத்தனர். வினாவுவோர் யார், சபையில் அமர்வோர் யார், மண்டபத்துட் பத்திரிகையாளர் எங்ஙனம் அனுமதிக்கப்படுவர் என்பன யாவும் அதில் முன்கூட்டியே தீர்மானிக்கப்பட்டிருந்தன. ஏற்றுக்கொண்டால் கோடிக்கணக்கான மக்கள் காணும் மேடை சங்கத்தின் பெயரில் நடைபெறும்; மறுத்தால் அம்மேடை என்றைக்குமே கைநழுவும். ஒக்டோபர் 3 ஆம் நாள் சங்கத்தின் தலைவி நான்சி நியூமன் அம்மையார், வாக்காளரை ஏமாற்றும் செயலுக்குச் சங்கம் துணைபோகாது என அறிவித்து விலகினார். பத்து நாட்களின் பின் லொஸ் ஏஞ்சல்ஸ் நகர விவாதத்தை ஆணைக்குழுவே நடத்தியது. அன்று முதல் 2020 வரை சனாதிபதி விவாதங்களை நடத்தும் பொறுப்பு அக்குழுவிடமே இருந்தது. 2024 ஆம் ஆண்டு வேட்பாளர்கள் அதனையும் ஒதுக்கிவிட்டுத் தொலைக்காட்சி நிலையங்களோடு நேரடியாகப் பேசி முடித்தனர். நடுவரை ஆட்டக்காரரே தெரிவு செய்யத் தொடங்கினால், நடுவரே வேண்டாம் என்னும் நிலை வந்து சேரும் என்பதற்கு இது சான்று.

மேடையை இழந்த சங்கம் பணியை இழக்கவில்லை. சாரதி அனுமதிப்பத்திரம் பெறச் செல்லும் இடத்திலேயே வாக்காளராகப் பதிவு செய்ய வகைசெய்யும் தேசிய வாக்காளர் பதிவுச் சட்டம் 1993 ஆம் ஆண்டு நிறைவேறியதில் அதன் உழைப்புக்குப் பெரும் பங்குண்டு. ஊர்க் கிளைகள் நகரசபை, பாடசாலைச் சபை வேட்பாளரைத் தொடர்ந்து மேடையேற்றி வந்தன. பெருமேடைகளின் ஒளியில் மறைந்துபோகும் அச்சிறு கூட்டங்களே, சங்கம் நூறாண்டு நிலைத்ததன் இரகசியம் எனலாம்.

வரலாறு தரும் படிப்பினை

பெண் வாக்காளர் சங்கத்தின் வரலாற்றிலிருந்து மூன்று உண்மைகள் தெளிவாகின்றன. முதலாவது, நடுநிலை என்பது செயலின்மையன்று. விதியை முன்னரே வகுத்து, வலியோர் சினந்தபோதும் அவ்விதியினின்றும் வழுவாமையாகும். 1980 ஆம் ஆண்டிலும் 1988 ஆம் ஆண்டிலும் சங்கம் அதனைச் செய்து காட்டியது. இரண்டாம் முறை அதற்கு விலையும் கொடுத்தது. இரண்டாவது, கட்சிகளுக்கிடையே நடுநிற்றல் ஒருவகை அறம். நீதிக்கும் அநீதிக்குமிடையே நடுநிற்றல் அறமாகாது. கறுப்பினப் பெண்களின் வகையில் சங்கம் இவ்விரண்டையும் மயங்கக் கொண்டது. மூன்றாவது, குடியியற் கல்வி பாடசாலைப் பருவத்தோடு முடிவதன்று. வரிப்பணம் எங்கே செல்கின்றது, சபையில் யார் எவ்வாறு வாக்களித்தார் என்பவற்றை ஆண்டுதோறும் புதிதாகக் கற்கவேண்டியவர் வளர்ந்தோரே.

இலங்கையிலே 1931 ஆம் ஆண்டு ஆண் பெண் இருபாலார்க்கும் சர்வசன வாக்குரிமை வழங்கப்பட்டது. அமெரிக்கப் பெண்கள் எழுபத்திரண்டு ஆண்டு போராடிப் பெற்றதனை, இந்நாட்டுப் பெண்கள் ஒப்பீட்டளவிற் குறுகிய காலத்திற் பெற்றனர். விரைந்து பெற்றதன் அருமையை உணர்தற்கு மெல்லப் பெற்றோரின் வரலாறு துணைசெய்யும். வாக்குச் சீட்டில் அடையாளமிடுதல் ஒரு நிமிட வேலை. அந்நிமிடத்துக்குத் தகுதியுடையோராதல் ஆண்டு முழுவதும் செய்யவேண்டிய வேலை. வெற்றி விழாவுக்கு முன்னரே அவ்வேலையைத் தொடங்கிவிட்ட பெண்களின் தூரநோக்கு, சனநாயகம் நிலவும் நாடுகள் யாவற்றுக்கும் உரிய செல்வமாகும்.